மங்கையக்காவுக்கு அஞ்சு புடவை

என் நெத்தியத்தானே பார்க்குறீங்க. வந்து உக்காந்ததுல இருந்து ரெண்டு தரம் பார்த்துட்டீங்க. பரவாயில்லம்மா, தப்பா நெனைக்கல. கழுத்துல தாலி இருக்கு, காலுல மெட்டி இருக்கு, நெத்தி மட்டும் வெறுமனே இருந்தா யாருக்கும் பார்க்கத்தான் தோணும். பொட்டு கீழ விழல. காலையில குளிக்கும்போது கழட்டி கண்ணாடியில ஒட்டினேன். அப்படியே விட்டுட்டு வந்துட்டேன். மறந்து இல்ல.

நீங்களும் மெட்ராஸ் ஃபிளைட்டுதானே? ஒன்றரை மணிக்கு. அப்ப நேரம் இருக்கு, இப்ப பத்தரைதான் ஆவுது. எனக்குப் பதினொன்னே கால் வரைக்கும் இருக்கு. ஏன் பதினொன்னே காலுன்னு அப்புறம் சொல்றேன்.

நான் யார்கிட்டயும் இவ்வளவு பேசமாட்டேம்மா. கடையில உப்பு கேக்கவே நாலு தரம் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்குவேன். நீங்க போன்ல "திண்டிவனத்துக்கு நேர் பஸ் கெடைக்குமாடா"ன்னு கேட்டீங்க பாருங்க, அது காதுல விழுந்ததும்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். நானும் அந்தப் பக்கம்தான். பேரு சுகந்தி. ஏழாவதோட நிறுத்திட்டாங்க. இங்கிலீஷ் எழுத்து தெரியும், ஒண்ணொண்ணா கூட்டிப் படிப்பேன். என்ன அர்த்தம்னு கேட்டா முழிப்பேன்.

எங்க வீட்டுக்காரர் இந்த மலேசியாவுலயே பொறந்து வளந்த தமிழாளு. தனபாலன்னு பேரு. கிள்ளான்ல ஸ்கூல் வேன் ஓட்டுறார். நல்ல மனுஷன். அதை மொதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா நான் சொல்லப்போறதக் கேட்டுட்டு நீங்க வேற மாதிரி நெனைச்சிடக் கூடாது. என்னை ஒரு நாள் கைநீட்டி அடிச்சதில்ல. காலையில அவரே கோப்பி கலக்கிக் குடுப்பார்.

என்னை அவருக்கு ரெண்டாந்தாரமாத்தான் குடுத்தாங்க. மூத்த சம்சாரம் மஞ்சக்காமாலையில செத்துப்போச்சி, புள்ள குட்டி கெடையாதுன்னு சொன்னாங்க. அவங்க பேரு மங்கையர்க்கரசி. மங்கை, மங்கைன்னு கூப்பிடுவாங்களாம். எங்கம்மா அதுக்கு ஒத்துக்கிச்சி. ஆனா ஒண்ணு கேட்டுச்சி. "மூத்தவளுக்குப் புடவை வெச்சிப் படைச்சிட்டுதான் எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறணும்"னு சொல்லிடுச்சி. உங்களுக்குத்தான் தெரியுமே, நம்ம பக்கம் பூவும் பொட்டுமா செத்தவளை பூவாடைக்காரின்னு கும்புடுறது. அவளைக் கேக்காம வீட்டுல ஒரு நல்லது செய்ய மாட்டாங்க. ரெண்டாவதா வாழப்போறவளுக்கு அது ரொம்ப முக்கியம்.

என் மாமியார், "அதெல்லாம் எங்க ஊருல பழக்கம் இல்லீங்க"ன்னாங்க. எங்கம்மா விடல. "எங்க ஊருல உண்டு சம்மந்தி. நீங்கதான் வாங்கணும், நீங்கதான் ஏத்தணும்"னுச்சி. கடைசியில அத்தையே திண்டிவனத்துக்குப் போயி பச்சையில அரக்குக் கரை போட்ட புடவை ஒண்ணு வாங்கிட்டு வந்தாங்க. கற்பூரம் ஏத்தும்போது கை தவறி ரெண்டு தரம் கீழ விழுந்துச்சி. எங்க பெரியம்மா என் காதுல, "மருமவ மேல எவ்ளோ பாசம் பாருடி. நீ குடுத்து வெச்சவ"ன்னுச்சி. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சி.

படைச்ச புடவைய நான் கட்டிக்கிட்டுதான் மணையில உக்காந்தேன். அதுதான் மொத புடவை.

இங்க வந்தா, அஞ்சாவது மாடியில வீடு. மொத நாள் குளிக்கப் போனேன். பாத்ரூம் கண்ணாடி ஓரத்துல ஏழு பொட்டு. மெரூன் கலரு, பட்டாணி அளவு. வரிசையா மேல இருந்து கீழ. நமக்கெல்லாம் பழக்கம்தானே, குளிக்கும்போது கழட்டி ஒட்டுறது, அப்புறம் மறந்துடறது. யாரும் எடுக்காம விட்டிருக்காங்க. தலைக்குத் தண்ணி ஊத்தும்போதுகூட கண்ணை மூடல.

நான் அதை எடுக்கல. எடுக்க நான் யாரு. பாத்ரூமைக் கழுவினாலும் கண்ணாடி ஓரத்துல துணி படாம கழுவுவேன். அப்புறம் சமையக்கட்டுல பார்த்தா, டப்பா மூடியில எல்லாம் தமிழ்ல எழுதியிருக்கும். புளி, கடுகு, வெந்தயம். குண்டு குண்டான எழுத்து. அத்தைக்குத் தமிழ் எழுத வராது. அப்ப யாரு எழுதினதுன்னு எனக்குத் தெரியும். அந்த டப்பாவைத் தொறக்கும்போதெல்லாம், "எடுத்துக்கிறேங்கக்கா"ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டுதான் எடுப்பேன்.

பேச ஆளில்லாத ஊரும்மா. அவர் காலையில அஞ்சு மணிக்கு வேன் எடுத்தா சாயங்காலம்தான். அத்தை டிவி பார்ப்பாங்க. "பசியாறிட்டியா"ன்னு கேப்பாங்க, அதோட பேச்சு முடிஞ்சிது. அதனால நான் மங்கையக்காகிட்ட பேச ஆரம்பிச்சேன். வயித்துல மிருதுளா இருக்கும்போது ஒரு வாய் எறங்காது. பாத்ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு, "அக்கா, இந்தப் புள்ளையக் காப்பாத்திக் குடு. உன் புள்ளையா வளக்குறேன்"னு சொல்லுவேன். அந்த ஏழு பொட்டும் என்னையே பார்க்கும். பயம் இருந்துச்சி. ஆனா தொணையாவும் இருந்துச்சி.

ஒண்ணுதான் உறுத்தும். அவங்க படம் ஒண்ணு வீட்டுல இல்ல. மாலை போட்டு மாட்டக்கூட இல்ல. அத்தைகிட்ட கேட்டேன். "பார்த்தா அவனுக்கு அழுகை வரும், எடுத்து வெச்சிட்டேன்"னாங்க. செத்த பொண்டாட்டிய நெனைச்சி அழுவுற மனுஷன் எனக்கு எவ்ளோ செய்வான்னு நான் பெருமையா நெனைச்சிக்கிட்டேன்.

மிருதுளா பொறந்து ஊசி போடப் போவணும்னு, அவ பொறந்த சான்றிதழை அலமாரியில தேடினேன். ஒரு நீல ஃபைல். அதுக்குள்ள மலாய்க்காரங்க பாஷையில, இங்கிலீஷ் எழுத்துல ஒரு காகிதம், முத்திரை குத்தி. அர்த்தம் ஒண்ணும் தெரியல. ஆனா நடுவுல ஒரு பேரு. எம், ஏ, என், ஜி, ஏ, ஐ. கூட்டிப் படிச்சேன். மங்கை. கீழ ஒரு தேதி. அக்காவோட சாவுச் சான்றிதழு. அக்கா செத்த தேதி தெரியாமத்தான் இத்தினி நாளா படைக்காம இருந்தேன். அவங்களே காட்டிக் குடுத்துட்டாங்கன்னு நெனைச்சேன்.

அந்த வருஷத்துல இருந்து அந்தத் தேதிக்கு ஒரு புடவை. காகிதத்துக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, சாமி தட்டுல வெச்சி, முன்னாடி புடவை, பூ, வெத்தலை பாக்கு. மொத தரம் அத்தை ரூமை விட்டு வந்தவங்க அதைப் பார்த்துட்டாங்க. நின்னாங்க. உள்ள போயி கதவை சாத்திக்கிட்டாங்க, அன்னிக்கு சாப்பிடவே வரல. அடுத்த வருஷம் அந்தத் தேதிக்கு அவங்களே மல்லிப்பூ வாங்கிட்டு வந்தாங்க. என் கையில குடுக்கல. மேசை மேல வெச்சிட்டு, என்னைப் பார்க்காம போயிட்டாங்க. அப்புறம் வருஷா வருஷம் அப்படித்தான். நாலு வருஷம், நாலு புடவை. எல்லாத்தையும் நான்தான் கட்டினேன். படைச்சதை வீட்டு சுமங்கலிதானே கட்டணும்.

இப்ப இந்த ஊரு அடையாள அட்டை, சிவப்பு ஐ.சி.ம்பாங்க, அந்த சமாச்சாரத்துக்கு வரேன். நம்மள மாதிரி வாக்கப்பட்டு வந்தவங்களுக்கு இங்க தங்கறதுக்கு வருஷா வருஷம் பாஸ் போடணும்மா. வீட்டுக்காரர் கூட வந்து கையெழுத்து போட்டாதான் பாஸ். அஞ்சு வருஷம் ஆச்சின்னா நிரந்தரமா இருக்கறதுக்கு எழுதிப் போடலாம். இந்த ஊர்க்காரங்களுக்கு நீல அட்டை. நிரந்தரமா இருக்க விட்டவங்களுக்கு சிவப்பு அட்டை. அது இருந்தா யாரும் போன்னு சொல்ல முடியாது. என் பொண்ணு இங்க பொறந்தவ, அவளுக்கு இதுதான் ஊரு. என் பாஸ் முடிஞ்சா நான் மட்டும் போவணும். அவ இங்கதான். இதைக் கீழ் வீட்டு லலிதாக்கா ஒரு நாள் சாதாரணமா சொல்லிடுச்சி. அன்னையில இருந்து எனக்கு சோறு எறங்கல.

அவர்கிட்ட கேட்டேன். "போடலாம், அவசரமா"ன்னார். அத்தைகிட்ட கேட்டேன். "சிவப்பு ஐ.சி. கையில வந்தா பொம்பளைங்களுக்கு வாய் வந்துடும்"னு டிவியப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னாங்க. அவருக்கு வேலை ஜாஸ்தி, விண்ணப்பப் பாரத்தை நாமளே நிரப்பி வெச்சிட்டா அவர் கையெழுத்து மட்டும் போட்டா போதுமேன்னு நெனைச்சேன். ஒரு நாள் மிருதுளாவை பாலர் பள்ளியில விட்டுட்டு, ஃபைலைத் தூக்கிக்கிட்டு நானே பஸ் ஏறினேன்.

பாஸ் போடுற ஆபீசுக்கு எதிர்ல பாரம் நிரப்பிக் குடுக்குற பெரியவர் ஒருத்தர் இருக்கார். சவரிமுத்துன்னு பேரு. ஒவ்வொரு காகிதமா எடுத்துப் பார்த்துக்கிட்டே வந்தவர், அந்தக் காகிதத்துல நின்னார். மோந்து பார்த்தார்.

"மஞ்சள் யாரும்மா வெச்சா?"

"நான்தாங்க ஐயா."

"கோர்ட்டு காகிதத்துக்கு எதுக்கு மஞ்சள்?"

"அது எங்க வீட்டுக்காரரோட மூத்தவங்க சாவுச் சான்றிதழுங்க. வருஷா வருஷம் படைப்பேன்."

அவர் மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சார். திரும்பப் போட்டுக்கிட்டுப் படிச்சார். என்னைப் பார்க்காமத்தான் சொன்னார். "இதுல செத்தவங்க யாரும் இல்லம்மா. இது விவாகரத்து. பொண்ணு கோர்ட்டுக்கு வரல, இந்தியாவுல இருக்கு, விலாசம் இதுன்னு போட்டிருக்கு. செத்தவங்கள யாரும் கோர்ட்டுக்குக் கூப்பிட மாட்டாங்க."

விலாசத்தைப் படிச்சார். செஞ்சிக்குப் பக்கத்துல ஒரு ஊரு. எங்க ஊர்ல இருந்து பஸ்ல ஒரு மணி நேரம்கூட ஆவாது.

வீட்டுக்கு வந்து பாத்ரூம் கதவைத் தொறக்கவே முடியல என்னால. இத்தினி வருஷமா செத்தவங்கன்னு நெனைச்சப்ப கண்ணாடி முன்னாடி நின்னு பேசினேன். உயிரோட இருக்காங்கன்னு தெரிஞ்சப்புறம்தாம்மா எனக்கு நெஜமாவே பயம் வந்துச்சி. அந்த ஏழும் இத்தினி நாளா என்னைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. நான்தான் பதில் சொல்லல.

என் தம்பி வேலாயுதத்துக்குப் போன் போட்டேன். "யார்கிட்டயும் சொல்லாத, போயிப் பார்த்துட்டு வா"ன்னேன். ரெண்டு நாள் கழிச்சி வீடியோவுல கூப்பிட்டான். "அக்கா, இவங்கதான்"னு போனைத் திருப்பினான். தையல் மிஷின் முன்னாடி ஒரு பொம்பள. முன்நெத்தியில ரெண்டு மூணு நரை. மெரூன் கலர்ல பட்டாணி அளவு பொட்டு. நான் போனைக் கவுத்துட்டேன். கவுத்த போனுக்குள்ள இருந்து குரல் மட்டும் வருது.

"எனக்குப் படைச்சியாமே. என்ன கலரு?"

வேலாயுதம் எல்லாத்தையும் சொல்லியிருக்கான். நான் கவுத்த மேனிக்கே சொன்னேன். "மொதல்ல பச்சை. அப்புறம் ஊதா. அப்புறம் ரெண்டு மஞ்சள். போன வருஷம் ரோஸ்."

"ரெண்டு மஞ்சளா? எனக்கு மஞ்சள் எடுக்காது"ன்னாங்க. அப்புறம், "கட்டிக்கிட்டியா?"

"கட்டிக்கிட்டேங்கக்கா."

"சாயம் போவலியே?"

"பச்சை மட்டும் கொஞ்சம் போச்சிங்கக்கா."

சிரிச்சாங்களா அழுதாங்களா தெரியல. அப்புறம் மெதுவா கேட்டாங்க. "பாத்ரூம் கண்ணாடியில என் பொட்டு இருக்குதா? கிளம்புற அவசரத்துல விட்டுட்டு வந்தேன். பதினஞ்சு நாள்தானே, வந்து எடுத்துக்கலாம்னு."

அவங்களுக்கு அஞ்சு வருஷமா கொழந்தை தங்கல. அவங்க அம்மாவைப் பார்த்துட்டு வான்னு அத்தை டிக்கெட் எடுத்துக் குடுத்திருக்காங்க. பாஸ் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்துச்சாம். "நீ போயிட்டு வா, பாஸை நான் பார்த்துக்குறேன்"னு அவர் சொல்லியிருக்கார். திரும்பி வந்தப்ப, இதோ இந்த ஏர்போர்ட்லதான், பாஸ் இல்லன்னு வாசல்லயே ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உக்கார வெச்சி, திருப்பி ஏத்திட்டாங்க. அவர் போனை எடுக்கலியாம். அவருக்கு அன்னிக்கு வேன் ஓட்டம் இருந்திருக்கும். ஓட்டும்போது அவர் போன் எடுக்க மாட்டார், அது எனக்கே தெரியும்.

நான் சண்டை போடலம்மா. எனக்கு சண்டை வராது. ஒரு நாள் சாப்பிடும்போது ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "மங்கையக்கா எந்த ஆஸ்பத்திரியில செத்தாங்க?" அவர் கை தட்டுலயே நின்னுடுச்சி. அத்தை, "ஊருல இருந்து யாராவது போன் பண்ணாங்களா?"ன்னாங்க. நான் இல்லன்னேன். மிருதுளா அப்பளம் வேணும்னு அழுதா. எழுந்து போயி பொரிச்சேன். அவ்ளோதான் பேச்சு.

ரெண்டு வாரம் கழிச்சி அத்தை ஒரு காகிதத்தை என் முன்னாடி வெச்சாங்க. "உங்க அம்மாவைப் பார்த்து அஞ்சு வருஷமாச்சி. பதினஞ்சு நாள் போயிட்டு வா. புள்ளைய நான் பார்த்துக்குறேன், அவளுக்குப் பள்ளி இருக்குல்ல"ன்னாங்க. டிக்கெட்டு. அதையும் மேசை மேலதான் வெச்சாங்க, மல்லிப்பூ மாதிரி. கையில குடுக்கல.

நான் கேட்டதுக்கும் டிக்கெட்டுக்கும் சம்பந்தம் இருக்காதும்மா. பாசத்துலதான் எடுத்திருப்பாங்க. அவரும், "சிவப்பு ஐ.சி. பாரத்தை நீ வந்ததும் கையெழுத்து போட்டுடலாம்"னு சொல்லியிருக்கார். நான்தான் பாஸ்போர்ட்டை எடுத்து தேதிய எண்ணினேன். பாஸ் முடிய இன்னும் பத்து நாள். திரும்பி வர டிக்கெட்டு பதினஞ்சாம் நாள். "பாஸை நான் பார்த்துக்குறேன்"னு அவர் சொன்னார். அதே வார்த்தை. ஒரு வார்த்தை மாறல.

போன வாரம் சவரிமுத்து ஐயாகிட்ட திரும்பப் போனேன். "நான் பாரம் நிரப்புறவன், குடும்பம் பேச மாட்டேன்"னுட்டுத்தான் ஆரம்பிச்சார். "பாஸ் உயிரோட இருக்கறப்ப, உள்ள இருந்துகிட்டு, புள்ளைய இடுப்புல வெச்சிக்கிட்டுக் கேட்டா, காது குடுக்க யாராவது இருப்பாங்க. உறுதியா குடுப்பாங்கன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா வெளிய போயிட்டா கேக்கவே முடியாது"ன்னார். ஒரு வக்கீலம்மா பேரையும் எழுதிக் குடுத்தார். நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. நான் ஒரு வக்கீல் முன்னாடி வாயத் தொறந்து பேசுவேனான்னுதான் ராவும் பகலும் பயம். அதுக்குத்தான் உங்ககிட்ட பேசிப் பார்க்குறேன்னு வெச்சுக்குங்களேன்.

காலையில அவர்தான் கொண்டுவந்து விட்டார். காடி, அதான் வண்டி, நிறுத்த எடமில்லன்னு வாசல்லயே எறக்கிட்டார். கண்ணு கலங்கியிருந்துச்சி. பாவம். "பத்திரமா போ"ன்னார். "வந்துடு"ன்னு சொல்லல. மறந்திருப்பார்.

இந்தப் பையில என் துணி ஒண்ணுகூட இல்லம்மா. தொறந்து காட்டுறேன், நீங்களே பாருங்க. இது பச்சை. இது ஊதா. இது ரெண்டும் மஞ்சள். இது ரோஸ், ஒரே ஒரு தரம்தான் கட்டினேன். எல்லாம் துவைச்சி மடிச்சிருக்கேன். மடிப்புல வேற ஒண்ணும் இல்ல, உதறிப் பார்த்துக்குங்க. மெட்ராஸ்ல எறங்கினா வெளிய என் தம்பி நிப்பான், கட்டம்போட்ட சட்டை, ஒசரமா இருப்பான். பக்கத்துல எங்கம்மா, முந்தானைய வாய்க்கிட்ட வெச்சிக்கிட்டே நிக்கும். தம்பி கையில இதைக் குடுத்து, செஞ்சியில குடுத்துடச் சொல்லுங்க. அவங்களுக்குப் படைச்சது, அவங்க உயிரோட கட்டட்டும். அம்மாகிட்ட, சுகந்தி ஏறலன்னு சொல்லுங்க. நான் இன்னும் சொல்லல. போன்ல அது அழுவுறதைக் கேட்டா நான் ஏறிடுவேன். அஞ்சு வருஷம்மா. அது மூஞ்சியப் பார்த்து அஞ்சு வருஷம்.

நான் ஏறிட்டா என்ன ஆவும்னு காலையில கண்ணாடி முன்னாடி நின்னு நெனைச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சி இன்னொருத்தி வருவா. நம்ம பக்கத்துப் பொண்ணாத்தான் இருப்பா. கண்ணாடியில எட்டாவதா ஒரு பொட்டு இருக்கும். என் பொட்டு சிவப்பு, கொஞ்சம் சின்னது. ஒரு தேதியக் கண்டுபிடிச்சி எனக்குப் புடவை வெச்சிப் படைப்பா. அத்தை பூ வாங்கிட்டு வந்து மேசை மேல வெப்பாங்க. மிருதுளாவைக் கூப்பிட்டு, "அம்மாவைக் கும்புட்டுக்கோ"ம்பாங்க. அவ சொன்ன பேச்சு கேக்குற புள்ள. கையக் கூப்பிக்கிட்டு நிப்பா. நான் திண்டிவனத்துல உயிரோட இருப்பேன்.

அதான், பொட்டை அங்கயே ஒட்டிட்டு வந்தேன். எடுக்கப் போயித்தானே ஆவணும்.

பதினொன்னே காலுக்குக் கீழ கிள்ளான் பஸ் இருக்கு. பாலர் பள்ளி ஒரு மணிக்கு விடுவாங்க. எப்பவும் அத்தைக்கு முன்னாடி நான் நிப்பேன், இன்னிக்கும் நிப்பேன். பைய வாங்கிக்கிறீங்களா? ஏன் யோசிக்கிறீங்க. கனமெல்லாம் இல்லம்மா, அஞ்சே அஞ்சு புடவைதான்.

ஒண்ணு சொல்லிடுறேன். உள்ள போனப்புறம் என் பேரைக் கூப்பிடுவாங்களாம், வராதவங்க பேரை. மூணு தரம் நாலு தரம் கூப்பிடுவாங்கன்னு லலிதாக்கா சொல்லுச்சி. கேட்டா பயந்துடாதீங்க. பதிலும் சொல்லாதீங்க. அந்த நேரத்துக்கு எம்பொண்ணு என்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பா.